வேலை இருக்கிறது, ஆள் இல்லை: பல்லாவரம் முதல் குன்றத்தூர் வரை

பல்லாவரம் ரயில் நிலையத்துக்கு அருகே வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். ரோஜாப் பதியன், லவ் பேர்ட்ஸ், கருவாடு, ஓடாத கடிகாரம், ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட சுழல் நாற்காலி என எல்லாம் சாலையோரம் விரிந்து கிடக்கும். தார்ப்பாயில் இரும்புச் சாமான் பரப்பியிருந்த ஒருவரின் கடைமுன் நெடுநேரம் நின்றேன். துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கு நடுவே நாலைந்து மர இழைப்புளிகள், பிடி தேய்ந்த உளிகள், ஒரு கொட்டாப்புளி, பித்தளை பதித்த மூலைமட்டம். இழைப்புளி ஒன்றைக் கையில் எடுத்தால், பிடிக்கிற இடத்தில் மட்டும் மரம் கறுத்து வழவழவென்று இருந்தது. எத்தனையோ ஆண்டு உள்ளங்கை பட்டு ஏறிய கறுப்பு அது.

"இதெல்லாம் எங்கேருந்துங்க வருது?" என்று கேட்டேன்.

"ஆசாரிங்க வீட்ல இருந்துதான் சார். பெரியவர் போயிட்டா பெட்டியோட எடைக்குப் போட்டுடறாங்க. பசங்க யாரும் இந்த வேலைக்கு வரல."

வாங்குகிறவர்கள் யார் என்று கேட்டதற்கு, "ஓட்டல்காரங்க. செவுத்துல அழகுக்கு மாட்டறதுக்கு" என்றார். சென்னையின் தென் புறநகரில் எங்கு திரும்பினாலும் அடுக்குமாடி எழும்பும் காலம் இது. கதவும் ஜன்னலும் அலமாரியும் கட்டிலும் கேட்டு இத்தனை வீடுகள் காத்திருக்கையில், தச்சனின் உளி எடைக்கு வருகிறது. ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் அன்று அங்கிருந்து திருநீர்மலைக்கும், பிறகு குன்றத்தூருக்கும் போனேன்.

ஷேர் ஆட்டோ நாகல்கேணியைத் தொடும்போதே தோல் பதனிடும் ஆலைகளின் வாடை வந்துவிடுகிறது. வழி நெடுகக் கதவுக் கடைகள். வாசலில் நிறுத்தி வைத்திருப்பவற்றில் மரம் குறைவு. மரத்தின் ரேகையை அச்சடித்த இரும்புக் கதவு, பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்து வார்த்த குளியலறைக் கதவு, வெள்ளை வெளேரென்ற யுபிவிசி ஜன்னல். கரையான் அரிக்காது, மழையில் உப்பாது, அளவு சொன்னால் ஒரே வாரத்தில் வந்துவிடும் என்கிறார்கள் கடைக்காரர்கள். சொல்வதில் பொய்யில்லை. காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கு இவை நல்ல வழிதான்.

திருநீர்மலை முன்பு தனிப் பேரூராட்சியாக இருந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்தது. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்திலும், மலைமேல் ரங்கநாதர் கிடந்த கோலத்திலும், நரசிம்மர் அமர்ந்த கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் காட்சி தரும் திவ்ய தேசம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசித்ததாகவும் தல வரலாறு சொல்கிறது. முகூர்த்த நாள் என்றால் தெருவெல்லாம் மாலையும் மேளமுமாக இருக்கும். அத்தனை கல்யாணம் நடக்கிற ஊர்.

படியேறி மேலே நின்று பார்த்தால் ஊரின் கதை முழுவதும் தெரிகிறது. ஒருபுறம் ஏரி. பக்கத்திலேயே மதுரவாயல் பைபாஸில் லாரிகள் ஓடுகின்றன. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் போகின்றன. மற்ற திசையெல்லாம் கட்டடம். பாதி எழுந்தவை, முழுதாக எழுந்தவை, இன்னும் கம்பி நீட்டிக்கொண்டிருப்பவை. ஒரு வீட்டுக்கு ஐந்தாறு கதவாவது வேண்டும். மலைமேல் நின்று பார்க்கிற எவருக்கும், தச்சு வேலைக்குத் தேவை குறைந்துவிட்டது என்று சொல்ல மனம் வராது.

கீழே இறங்கி, அடிவாரத்தைத் தாண்டிய ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்யும் ஒரு ஆசாரியைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். தேக்கில் வாசக்கால் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. சட்டத்தின் முனையை மெலிதாகச் செதுக்கி, எதிர்ச் சட்டத்தில் வெட்டிய துளைக்குள் இறக்கி, சுத்தியலால் தட்டினார். முழுதாக இறங்கவில்லை. வெளியே எடுத்து, உளியால் ஒரு சீவு. மறுபடி இறக்கி, மறுபடி ஒரு சீவு. மூன்றாவது முறை இறங்கியபோது நடுவில் ஒரு தாள் நுழைய இடமில்லை. பிறகு குறுக்கே துளையிட்டு மூங்கில் ஆணி அறைந்தார். இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தைத் தின்னும், மூங்கில் மரத்தோடு மரமாகக் கிடக்கும் என்றார்.

பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பேனல் கதவைக் காட்டி, அதன் நடுப்பலகையை லேசாக அசைத்தார். பலகை ஒரு நூல் அளவு நகர்ந்தது. சரியாகப் பொருத்தவில்லையோ என்று நினைத்தேன். "வேணும்னேதான் சார். சட்டத்துல காடி எடுத்து உள்ள உட்கார வச்சிருக்கேன். பசை போடல. ஐப்பசி மழையில பலகை உப்பும், சித்திரையில சுருங்கும். அதுக்கு எடம் வுடணும். ஒட்டிட்டா ஒருநாள் பொளந்துக்கும்."

மரம் நீளவாக்கில் அதிகம் நீள்வதில்லை, அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்கும் என்பது மர அறிவியலின் அடிப்படைப் பாடம். பெங்களூருவிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கருவிகளை வைத்து அளந்து கற்பிக்கிற செய்தியை, பள்ளியில் எட்டாம் வகுப்பைத் தாண்டாத இவர் ஒரு பலகையை அசைத்துக் காட்டி அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். எந்த மரத்தை எந்தப் பக்கம் நிறுத்துவது, எதை எத்தனை மாதம் நிழலில் காய வைப்பது, பூவரசு எதற்கு ஆகும், வேம்பு எதற்கு ஆகும், வாகையை எப்படி அறுப்பது என்று கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. எதுவும் எழுத்தில் இல்லை. அவரோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படிக் கற்றீர்கள் என்றேன். "எங்கப்பா முத ரெண்டு வருஷம் சாணை பிடிக்கத்தான் வச்சாரு. வஜ்ஜிரம் காய்ச்சச் சொல்வாரு. உளியத் தொடவே வுடல." மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்து, அடுப்பில் உருக்கிச் சூடாக ஒட்டும் பசைதான் வஜ்ஜிரம். 1959-ல் ஃபெவிகால் சந்தைக்கு வந்த பிறகு, அதைக் காய்ச்சும் வேலை பட்டறைகளிலிருந்து மெல்ல மெல்லப் போய்விட்டது.

அவருடைய மகன் ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் இருக்கிறார். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. "நான்தான் வேணாம்னு அனுப்பினேன். இங்க கை போனா யார் பாப்பாங்க?" அதைச் சொல்லும்போது குரலில் வருத்தம் ஏதும் இல்லை, தகப்பனின் தெளிவு இருந்தது. வேலை குறைந்துவிட்டதா என்று கேட்டதும் உடனே மறுத்தார். "வேலை இல்லன்னு யார் சொன்னது? மூணு மாசத்துக்கு ஆர்டர் இருக்கு. ஆள்தான் இல்ல."

அவரிடம் இருக்கும் ஒரே உதவியாள் இருபத்திரண்டு வயது இளைஞர். அனகாபுத்தூர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அடையாற்றங்கரை ஊரான அனகாபுத்தூரிலிருந்து ஒருகாலத்தில் மெட்ராஸ் துணி நைஜீரியாவரை போனது. அந்த ஏற்றுமதி நின்றபின் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. "எங்க வீட்ல யாரும் தச்சு வேல செஞ்சதில்ல சார். போன்ல வீடியோ பாத்துப் புடிச்சுப் போச்சு. இவர்கிட்ட கேட்டேன், வான்னாரு" என்றார் அந்த இளைஞர். பெரியவர் அவருக்கு உளியை முதல் மாதமே கொடுத்துவிட்டாராம். ரெண்டு வருஷம் சாணை பிடிக்க வைத்தால் யார் இருப்பார்கள் என்று கேட்கிறார்.

அங்கிருந்து பைபாஸ் பக்கமாக, புதிதாகக் குடியேறும் ஒரு அடுக்குமாடியில் உள்ளலங்கார வேலை நடக்கும் வீட்டுக்குப் போனேன். இங்கே காட்சி வேறு. வேலை செய்த நால்வரும் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள். சென்னையில் மாடுலர் கிச்சனும் வார்ட்ரோபும் செய்கிற கைகளில் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகார் கைகள் ஏராளம். மூத்தவர் நல்ல தமிழில் பேசினார். மாமாவுக்கு ஹெல்பராக வந்து, பார்த்துப் பார்த்துக் கற்றதாகச் சொன்னார். கூலி சதுர அடிக் கணக்கு. வெயிலோ மழையோ, அடி கூடினால்தான் காசு கூடும். வேலை நடக்கும் வீட்டிலேயே சமையல், அங்கேயே தூக்கம்.

அவர்கள் கையில் இழைப்புளி இல்லை. பிளைவுட்டை மின்ரம்பத்தில் அறுத்து, மைக்கா ஒட்டி, ஓரத்துக்கு எட்ஜ் பேண்டிங் போட்டு, திருகாணியில் கூட்டுகிறார்கள். வேகமும் துல்லியமும் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அறையில் தூள் பனிமூட்டமாக நின்றது. ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே உறுதிசெய்து முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பிளைவுட்டையும் மரநார்ப் பலகையான எம்.டி.எஃப்.பையும் ஒட்டும் பிசினிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இந்த இளைஞர்களின் நுரையீரலுக்குள் தினமும் என்ன போகிறது என்பதை, வீட்டுக்காரரோ ஒப்பந்தக்காரரோ அவர்களிடம் சொன்னதில்லை.

பிளைவுட் இப்படி வீட்டை நிறைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் தடை விதித்தது. வடகிழக்கு மாநிலங்களின் பிளைவுட் ஆலைகள் மூடின. தொழில், விவசாயிகள் வயலில் பாப்லர் வளர்க்கும் ஹரியானாவின் யமுனாநகருக்கும், ரப்பர் மரம் கிடைக்கும் கேரளத்தின் பெரும்பாவூருக்கும் நகர்ந்தது. 2014 ஏப்ரலில் மியான்மர் தேக்குக் கட்டைகளை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூணும் கதவும் தந்த பர்மா தேக்கு அதன்பின் கட்டையாக வருவதில்லை. இன்று மரக்கடைகளில் தேக்கு என்று விற்பதில் கணிசமான பகுதி ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டத்தில் வளர்த்து, கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்குவது. காட்டைக் காப்பாற்றியது நல்ல காரியம். மரம் மாறியது, தச்சனும் அதற்கேற்ப மாறினான். மாறிய தொழிலை முறையாகச் சொல்லிக்கொடுக்கத்தான் எவரும் முன்வரவில்லை.

சொல்லிக்கொடுக்காததன் விலையை இந்தப் பகுதி 2015 டிசம்பரில் பார்த்தது. அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் மூழ்கிய நாட்கள். நீர் வடிந்ததும் துகள் பலகையாலும் எம்.டி.எஃப்.பாலும் செய்த அலமாரிகள் ஊறி, உப்பி, கையில் எடுத்தால் உதிர்ந்தன. கெட்டி மரத்தில் செய்தவற்றைக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்த முடிந்தது. தண்ணீர் ஏறக்கூடிய தரைத்தளச் சமையலறையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது, பிளைவுட்டில் ஐ.எஸ். 303 முத்திரைக்கும் மரைன் தரமான ஐ.எஸ். 710 முத்திரைக்கும் என்ன வித்தியாசம் என்பதை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்வதும் தச்சரின் வேலைதான். அதற்கு அவர் படித்திருக்க வேண்டும். படிக்க இடம் இருந்திருக்க வேண்டும்.

மாலையில் குன்றத்தூர் போனேன். சேக்கிழார் பிறந்த ஊர். தச்சர்களைப் பொறுத்தவரை இந்த ஊருக்கு அண்மையில் இன்னொரு முக்கியத்துவமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 19 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இங்கேதான். மரவேலை உட்பட 25 தொழில்கள். 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். வட்டியில் 5 சதவீதம் அரசு ஏற்கும்.

இந்தத் திட்டம் ஒரு வாதத்திலிருந்து பிறந்தது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 தொழில்களில் தச்சு முதன்மையானது. சில நாள் பயிற்சி, நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சமும் பிறகு இரண்டு லட்சமும் கடன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பிப்பவர் குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், பதினெட்டு வயதிலேயே சேரலாம் என்பதையும் தமிழ்நாடு ஏற்கவில்லை. 2024 நவம்பரில் அந்த வடிவில் நடைமுறைப்படுத்த இயலாது என்று முதலமைச்சர் ஒன்றிய அமைச்சருக்கு எழுதினார். மாநிலத் திட்டம் குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கி, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கியது.

இந்த எச்சரிக்கைக்கு இங்கே வேர் உண்டு. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பிள்ளைகளை அரை நேரம் பள்ளிக்கும் மீதி நேரம் தகப்பன் தொழிலுக்கும் அனுப்பியது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் ஆட்சிக்கு வந்தபின் அது கைவிடப்பட்டது. அன்று அதை எதிர்த்தது சரி. தச்சன் மகன் தச்சனாகத்தான் வேண்டும் என்று எந்த அரசும் சொல்லக் கூடாது. கொட்டகைப் பெரியவரின் மகன் ஒரகடத்துக்குப் போனதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சி இருக்க வேண்டும்.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம். நூற்றாண்டுகளாக இந்தத் தொழிலுக்குக் குடும்பம்தான் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவை நியாயமான காரணத்துக்காக மூடினோம். அதனிடத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் போதுமான அளவில் திறக்கவில்லை. இரண்டு திட்டங்களும் ஏற்கெனவே தொழிலில் இருப்பவருக்கே பெரிதும் உதவுகின்றன. அனகாபுத்தூர் இளைஞருக்கு இருபத்திரண்டு வயது. குடும்பத் தொழில் நெசவு. தானாக விரும்பித் தச்சு கற்க வந்த அவருக்கு, ஒரு திட்டத்தில் குலம் இடிக்கிறது, இன்னொன்றில் வயது இடிக்கிறது. வீடியோவும் ஒரு பெரியவரின் நல்ல மனதும்தான் அவருக்குக் கிடைத்த கல்லூரி.

ஐ.டி.ஐ. பாடப்பிரிவுகளில் தச்சுக்கு ஓராண்டுப் படிப்பு உண்டு. தமிழ்நாடு அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்த 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தை எடுத்தது. கணினி வழி மரம் அறுக்கும் இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவருக்கும், காடி எடுத்துப் பலகை பொருத்தத் தெரிந்தவருக்கும் அங்கே ஒரே கூரையின்கீழ் இடம் வேண்டும். தூத்துக்குடியில் ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பன்னாட்டு அறைகலன் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தப் பூங்காவுக்கு மரம் கப்பலில் வரும், இயந்திரம் இத்தாலியிலிருந்து வரும். கைகள் எங்கிருந்து வரும் என்பதற்கும் இன்றே பதில் தேடியாக வேண்டும். ஜெர்மனியில் தச்சராக விரும்பும் பிள்ளை மூன்றாண்டு பட்டறையிலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிப் பயில்கிறது. பயிலும்போதே சம்பளம், முடித்தால் நாடெங்கும் மதிக்கும் சான்றிதழ். எந்தச் சாதி, எந்தக் குடும்பம் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

நம்மிடம் அஸ்திவாரம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. தச்சர்கள் அதில் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, அறுபதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்றே வசூலாகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு தாம்பரம், பல்லாவரம், திருநீர்மலைப் பகுதிக்கென்று ஒரு மாலை நேரத் தச்சுப் பள்ளியைத் தொடங்கலாம். கொட்டகைப் பெரியவர்களை அங்கே ஆசிரியர்களாகச் சம்பளத்தோடு அமர்த்தலாம். யார் வேண்டுமானாலும் சேரலாம், பெண்கள் உட்பட. ராஜஸ்தானிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் அங்கே இடம் வேண்டும்; நம் வீடுகளைக் கட்டுகிறவர்கள் அவர்கள். அவர்கள் அறிந்ததற்குச் சான்றிதழும், அறியாததற்குப் பாடமும் கிடைக்க வேண்டும்.

வாசகரான உங்களிடமும் கேட்கச் சில உண்டு. வாசக்கால் வைக்கும் அன்று மஞ்சள் குங்குமம் இட்டு, ஆசாரிக்கு வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துத் தருகிற நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த மரியாதை மறுநாளும் தொடரட்டும். வீட்டில் தச்சு வேலை நடந்தால் வேலை செய்பவர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்ய உதவுங்கள். பத்து ரூபாய் மாஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுத்து, போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் வேலைக்கு வந்தால், கற்றுக்கொள்ள ஒரு இளைஞரையும் கூட அழைத்துவரச் சொல்லி, அந்த இளைஞருக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். பள்ளிக்கூடத்தை அரசு கட்டட்டும். அது வரும்வரை, கற்றவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பக்கத்தில் கற்பவர் ஒருவரை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.